பேரு இருக்கு, கட்டடம் எங்கே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதைக் கூடுமானவரை பேசியபடியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம், "வடசென்னையைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க சார், ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நான் சரித்திரப் பேராசிரியர் அல்ல; பி.காம். படித்தவன். ஆனால் இந்தப் பகுதியிலேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்றவன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன். கணக்குப் படித்தவன் என்பதால் என் பேச்சும் ஒரு வரவு செலவுக் கணக்கு மாதிரிதான் இருக்கும். நம் பகுதியில் என்னென்ன கட்டடங்கள் இருந்தன, எவை போயின, எவை மிச்சம் என்பதுதான் கணக்கு.

முதலில் ஒரு சின்ன விஷயம். 2021-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் நம்ம பக்கம் விம்கோ நகர் வரைக்கும் வந்தது. அதில் போகும்போது ஸ்டேஷன் பேர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளே ஒரு குரல் நம்ம ஊர் சரித்திரத்தையே வாசிக்கிறது. டோல்கேட் என்றால் அங்கே சுங்கம் வசூலித்தார்கள். இன்று கேட்டும் இல்லை, சுங்கமும் இல்லை. விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது தீப்பெட்டிக் கம்பெனி. தண்டையார்பேட்டை, தொண்டி ஊரிலிருந்து வந்து இங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களால், "தொண்டியார்" பேரில் வந்தது என்று சொல்வார்கள்.

காலடிப்பேட்டை யாருடைய காலடி? யார் காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர் காலெட் பேட்டை. நம்ம ஜனங்க அதைக் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டார்கள். கவர்னர் போய் முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. அவர் பேரை நம்ம வாய் கொஞ்சம் கடித்து வைத்திருந்தாலும், இன்னும் காப்பாற்றி வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வடசென்னையின் விசேஷமே இதுதான். இங்கே கட்டடம் போய்விடும், பேர் நிற்கும். மயிலாப்பூரில் கோயிலும் இருக்கும், பேரும் இருக்கும். எழும்பூரில் மியூசியமும் இருக்கும், பேரும் இருக்கும். நம்ம பக்கம் பேரைக் கேட்டுக்கொண்டு இடத்தைப் போய்ப் பார்த்தால் ஒரு கன்டெய்னர் யார்டு இருக்கும், இல்லையென்றால் ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கும்.

வால்டாக்ஸ் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வால் என்ன வால் என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்டிருப்போம். அது மதில். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், ஹைதர் அலி ஒரு பக்கம் என்று கம்பெனிக்காரர்கள் பயந்துகொண்டிருந்த காலத்தில், 1769-க்குப் பிறகு, அன்றைய கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினார்கள். கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்ற காண்டிராக்டர். அந்தச் செலவுக்காக ஜனங்களிடம் வரி போடப் பார்த்தார்கள். வரி வசூலாகவே இல்லை என்பார்கள். வசூலாகாத வரிக்கு ஒரு ரோடு, இடித்துப்போட்ட சுவருக்கு ஒரு பேர்! மிச்சம் இருப்பது ராயபுரம் பக்கம் பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி ஒரு சிறு துண்டு. அதன் மேலே பூங்கா போட்டார்கள். அதுதான் மாடிப் பூங்கா. நம்மில் எத்தனை பேர் அதில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்திருப்போம்! நாம் உட்கார்ந்தது ஒரு கோட்டை மதிலின் மேலே என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்தில் ஏழு கிணறு. 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் திட்டம் போட்டு, கோட்டைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன இடம். தண்ணீர் இங்கே இருந்தது, குடித்தவர்கள் கோட்டைக்குள்ளே இருந்தார்கள். இந்தப் பழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

(இந்த இடத்தில் சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் நான் வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை.)

இனி ராயபுரம் ரயில் நிலையத்துக்கு வருவோம். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு கல்கத்தா பக்கம் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கிருந்து கிளம்பியது? சென்ட்ரலிலிருந்து அல்ல, எழும்பூரிலிருந்து அல்ல. நம்ம ராயபுரத்திலிருந்து. 1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்துக்குப் பொதுமக்களுக்கு ரயில் ஓடியது. சென்ட்ரல் ஸ்டேஷன் 1873-இல் வந்தது. அதாவது, சென்ட்ரலுக்குப் பதினேழு வயது மூத்த அண்ணன் ராயபுரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பம்பாயில் அந்தப் பழைய போரி பந்தர் நிலையம் இன்று இல்லை. அந்த இடத்துப் பக்கத்தில்தான் 1888-இல் விக்டோரியா டெர்மினஸ் என்ற மாளிகை எழும்பியது. அப்படிப் பார்க்கும்போது, இந்தியாவில் முதல் தலைமுறையில் கட்டி இன்றைக்கும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரத்தினுடையதுதான். நீளமான தூண் வரிசை, உயரமான கூரை. கவர்னரும் பிரமுகர்களும் வந்து இறங்குகிற மாதிரி கட்டிய கட்டடம்.

தம்பி பெரியவனானதும் அண்ணனை மறந்தார்கள். சென்ட்ரல் பெரிதாகப் பெரிதாக ராயபுரம் சரக்கு யார்டாகச் சுருங்கியது. நாம் கல்லூரிக்குப் போன நாட்களில் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? ஓட்டை விழுந்த கூரை, சுவரில் ஆலங்கன்று, உள்ளே புறா. நாம் அதைத் தாண்டித்தான் போனோம், ஒருவரும் நின்று பார்த்ததில்லை. நல்லவேளையாக வரலாற்று ஆர்வலர்கள் சிலர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2005-ஆம் ஆண்டு ரயில்வே அந்த முகப்புக் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் திறந்தது. ராயபுரத்தைப் பெரிய முனையமாக்க வேண்டும் என்பது நம் பகுதி மக்களின் பல ஆண்டுக் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் புதிய பிளாட்பாரம் வர வேண்டும் என்று கேட்கிற நாமே, பழைய கட்டடத்தின் மேல் ஒரு செங்கல் கூடக் கைவைக்கக் கூடாது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் 1830-இல் கட்டிய லிவர்பூல் ரோடு ஸ்டேஷனை அறிவியல் தொழில் மியூசியத்தின் பகுதியாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். இதுவும் ஒரு தொழில் நகரம், அதுவும் ஒரு தொழில் நகரம். அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

ஸ்டேஷனை விட்டு நடந்தால் ராயப்பர் கோயில். செயின்ட் பீட்டரைத்தான் தமிழில் ராயப்பர் என்கிறோம். ராயப்பர் இருக்கும் ஊர் ராயபுரம். 1829-இல் கட்டப்பட்ட கோயில் என்பார்கள். அதைக் கட்டியது ஜமீன்தாரும் அல்ல, கவர்னரும் அல்ல. படகுக்காரர்கள். துறைமுகம் வருவதற்கு முன்னால் சென்னைக்கு வந்த கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைசேர்த்தது மசூலா படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கவர்னர் முதல் கூலி வரை எல்லோரும் அந்தப் படகுக்காரரின் கையை நம்பித்தான் சென்னையில் கால் வைத்தார்கள். அந்த மக்கள் தங்கள் வருமானத்தில் எடுத்துவைத்துக் கட்டிய கோயில் இது.

பிறகு துறைமுகம் வந்தது. படகுக்காரரின் தொழில் போனது. கோயில் மட்டும் நிற்கிறது. ஒரு தொழில் அழிந்த பிறகும், அந்தத் தொழிலாளி கட்டிய கட்டடம் நிற்பது நம் பகுதியில் அபூர்வம். அதனால்தான் இதைத் தனியாகச் சொன்னேன்.

அதே ராயபுரத்தில் மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னி ஆலயம் இருக்கிறது. 1910-இல் கட்டியது. பிரோஜ் கிளப்வாலா என்ற வணிகர், சிறு வயதில் இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாகக் கட்டினார். தமிழ்நாட்டில் இருக்கிற ஒரே அக்னி ஆலயம் அது. பம்பாயிலிருந்து வந்த பார்சியின் மணியோசையும், மீனவர் கோயில் மணியோசையும், மசூதியின் பாங்கும் ஒரே நாளில் கேட்கிற தெருக்கள் நம்முடையவை. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்ததும் இதே ராயபுரத்து ராபின்சன் பூங்காவில்தான். இன்றைய அறிஞர் அண்ணா பூங்கா. கட்சி வித்தியாசம் இல்லாமல் சொல்கிறேன், தமிழ்நாட்டின் அரசியலே மாறிய இடம் அது.

இப்போது கடலைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனென்றால், நம் பகுதியில் கட்டடங்களை இடித்தவர்களில் கடலுக்கும் பங்கு உண்டு. சென்னைத் துறைமுக வேலை 1870-களின் நடுவில் தொடங்கியது. இரண்டு பெரிய கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அதை அடித்து நொறுக்கியது. திரும்பக் கட்டினார்கள். 1904-இல் வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற இன்ஜினியர், கிழக்கே இருந்த வாசலில் மணல் சேர்வதைப் பார்த்து, வாசலையே வடகிழக்குக்கு மாற்றினார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கும்.

பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்கை நான் சொல்கிறேன். நம் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி நாட்களில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். துறைமுகத்தின் கல் கரம் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்தது. அதுதான் உலகமே மெச்சும் மெரினா. வடக்கே வந்துசேர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. வந்த அலை கரையைக் கரைத்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது. மெரினாவின் வரவுப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு கூடை மணலும் நம் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டது. நம் கடற்கரையில் இன்று மணலுக்குப் பதிலாகக் கருங்கல் குவியல் இருப்பதன் காரணம் இதுதான். குப்பத்து வீடுகள், தெருக்கள், சின்னக் கோயில்கள் என்று கடலுக்குள் போனவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது. பெரியவர்கள் கடலைக் கைகாட்டி, "அங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு எம்டனைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைக் காலி பண்ணினார்கள். கப்பல் போய்விட்டது, தொட்டிகளும் போய்விட்டன. ஆனால், "அவன் எம்டன்யா" என்ற வார்த்தை நம்மிடம் தங்கிவிட்டது. மறுபடியும் பாருங்கள், பேர்தான் மிச்சம்!

நண்பர்களே, இதுவரை சொன்னது ஏதோ ஒரு வகையில் புத்தகங்களில் இருக்கிறது. இனி சொல்லப்போவதுதான் என் மனதை உறுத்துகிற விஷயம். வடசென்னை என்றால் மில், ஃபாக்டரி, ஒர்க் ஷாப், ஷிப்ட். நம்மில் பாதிப் பேருக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டியது அந்த ஷிப்டுக் கூலிதான். அந்தக் கட்டடங்களை நாம் யாரும் சரித்திரம் என்று நினைத்ததே இல்லை.

பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876-இல் வந்தது. கர்நாடிக் மில் 1881-இல் வந்தது. 1920-இல் இரண்டும் சேர்ந்து பி அண்டு சி மில் ஆயின. அந்தக் காக்கித் துணி ராணுவம், போலீஸ் என்று இந்தியா முழுக்கப் போனது. மில்லுக்குச் சங்கு ஊதினால் அதைக் கேட்டுச் சமையல் அடுப்பு பற்றவைத்த வீடுகள் எத்தனை! கடிகாரம் இல்லாத வீட்டுக்கெல்லாம் அந்தச் சங்குதான் கடிகாரம்.

அந்த மில் வாசலில்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவர் தொழிலாளர்களின் கஷ்டத்தைக் கேட்டு, பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர். திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தார். சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொடுங்கள், அடிக்காதீர்கள் என்பது போன்ற கோரிக்கைகளில்தான் அது ஆரம்பித்தது. 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது புளியந்தோப்பில் தொழிலாளிக்குத் தொழிலாளியே ஜாதியின் பேரால் எதிரியான துயரமும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் எழுதினால் அது சரித்திரம் இல்லை, கல்யாணப் பத்திரிகை.

1996-இல் மில் மூடப்பட்டது. அதன் பிறகு அந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கினார்கள், சினிமா ஷூட்டிங் நடந்தது, இப்போது அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. எத்தனையோ படங்களில் வில்லனின் கோட்டையாக, பாழடைந்த கட்டடமாக நீங்கள் பின்னி மில்லைப் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கும்போது தியேட்டரில் விசில் பறக்கும். அந்த ஹாலில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர் அதே தியேட்டரில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வாருங்கள். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடுகிற பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் உருவாகி, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள். 1955-இல் அது அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஃபாக்டரியிலிருந்து புல்லட் கிளம்பியது. இன்று இவற்றின் பேர் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் பலூன் செய்த ஷெட்டைப் பார்த்து, "இது ஒரு நாள் சரித்திரம் ஆகும்" என்று 1946-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதுதான் சிக்கல். தூணும் வளைவும் இருந்தால்தான் நாம் சரித்திரம் என்கிறோம். தகரக் கூரை போட்டிருந்தால் அது வெறும் ஷெட்.

எண்ணூர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்த ஊர் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? ஏரி போன்ற முகத்துவாரம், கரையில் பங்களாக்கள். 1806 வாக்கில் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். அது பழவேற்காடு வரை, பிறகு ஆந்திரா வரை நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பேர் அதற்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் பேர் எங்கேயும் இல்லை. அந்தக் கால்வாயில்தான் உப்பு வந்தது, விறகு வந்தது, அரிசி வந்தது. சென்ட்ரல் பக்கம் சால்ட் கோட்டர்ஸ் என்கிறோமே, அது உப்புக் கிடங்கு. இன்று கால்வாயில் ஓடுவதை நான் சாப்பாட்டுக்கு முன்னால் விவரிக்க விரும்பவில்லை.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி, ஐந்து யூனிட்டுகளாக 450 மெகாவாட் வரை வளர்ந்தது. 2017 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தினார்கள். அது மூடியபோது அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கண் கலங்கினார். அதே வாரம் பக்கத்துக் குப்பத்துப் பெண்மணி ஒருவர், "இனிமே துணி காயப்போட்டா கறுப்பாகாது சார்" என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. பழைய ஃபாக்டரியைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த இரண்டு பேரையும் நினைக்க வேண்டும். புகையைத் திரும்பக் கேட்கிற பேச்சு இல்லை இது. இந்த ஊர் தமிழ்நாட்டுக்கே விளக்கு ஏற்றியது, அதற்கான சாம்பலை இந்த ஊரே சுமந்தது. இரண்டும் எழுதப்பட வேண்டும் என்கிற பேச்சு. ஜெர்மனியில் எஸ்ஸென் நகரத்தில் சோல்வெரைன் என்ற நிலக்கரிச் சுரங்கத்தை 1986-இல் மூடினார்கள். இடிக்காமல் மியூசியம் ஆக்கினார்கள். 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அங்கே சுரங்கமும் ஒரு கோயில் மாதிரிதான்.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் நானூறுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியல் போட்டது. 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஆனால் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அந்தக் கட்டடத்தின் ஜாதகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எப்போது கட்டியது, யார் கட்டியது, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பங்களாவுக்கு எழுத ஆள் இருக்கிறது. கேண்டீனுக்கும், கூலி லைனுக்கும், யூனியன் ஆபீசுக்கும் யார் எழுதுவது?

நாம்தான் எழுத வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன். பணம் கேட்கவில்லை, பயப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் அப்பாவின் கேட் பாஸ், சம்பளச் சீட்டு, இருபத்தைந்து வருஷ சர்வீசுக்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழ், ரிடையர்ட் ஆன அன்றைக்கு மாலையோடு எடுத்த குரூப் போட்டோ இருக்கும். அந்த போட்டோவில் ஆட்களுக்குப் பின்னால் தெரிகிற சுவர், ஜன்னல், புகைபோக்கி, அதுதான் இன்று இல்லாத கட்டடம். அதற்கு வேறு படமே இல்லாமல் இருக்கலாம். அதைத் தூக்கிப் போடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் இடம், வருஷம், நிற்பவர் பேர் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். உட்கார்ந்திருக்கும் அதிகாரி பேரை எல்லோரும் எழுதுவார்கள். கடைசி வரிசையில் நிற்பவர் பேரையும் எழுதுங்கள்.

உங்கள் தெருவில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இந்த மாதமே போய்ப் பேசுங்கள். இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, அதில் பதிவு செய்யுங்கள். "பழைய கதை சொல்லுங்க தாத்தா" என்று கேட்காதீர்கள், ஒன்றும் வராது. "மில்லுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டிலிருந்து அவர் தறி வரைக்கும் உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். அந்த வழிதான் நமக்குத் தேவையான வரைபடம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டு மலரிலும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு ஆண்டுக்கு ஒரு கட்டடம். அல்லது கட்டடம் இருந்த ஒரு இடம். உறுப்பினர் ஒருவர் எழுதட்டும், ஒரு பழைய படம், ஒரு புதிய படம் போடுவோம். பத்து மலர் வந்தால் பத்துக் கட்டடத்தின் ஜாதகம் தயார். நாளைக்கு யாராவது புல்டோசரோடு வந்தால், "நில்லுங்க, இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்க நம் கையில் ஒரு தாள் இருக்கும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஜனங்களுக்கு வீடு வேண்டும், ரோடு வேண்டும், மெட்ரோ வேண்டும். ஆனால் எதை இடிக்கிறோம் என்று தெரிந்து இடிப்பதற்கும், தெரியாமல் இடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

முதல் கட்டுரைக்கு நான் பேர் கொடுத்துவிட்டேன். மாடிப் பூங்கா சுவரைப் பற்றி எழுதுகிறேன். இரண்டாவதற்கு யார் என்று சாப்பாட்டுப் பந்தியில் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். பாயசம் வருவதற்கு முன்னால் ஐந்து பேராவது சேர வேண்டும்.